யாருடைய பொழுது?

ஆலங்குடிக்குப் பங்குப் பணியேற்று நாம் வந்தபோது, பங்கு இல்லத்தின் கொல்லைப்புறத்தில், கிணற்றடிக்கும் மதிற்சுவருக்கும் நடுவே பெரியதொரு பலாமரத் துண்டு கிடந்தது. கோழிகள் அதன்மேல் ஏறி நிற்கும். ஆலயம் பெருக்க வரும் தாய்மார் அதன்மீது அமர்ந்து இளைப்பாறுவர். இதை யார் கொண்டுவந்து போட்டது என்று வினவியதற்கு, "கஜாவுல விழுந்தது சாமி" என்று மட்டும் கோவில்பிள்ளை விடை பகர்ந்தார். இப்பகுதியில் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படுவதில்லை.

2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் வேதாரண்யத்தருகே கரையேறிய அந்தப் புயல், கடலோரத்தோடு நில்லாமல் உள்நாட்டிலும் புகுந்து, வடகாடு, மாங்காடு, கீரமங்கலம், கொத்தமங்கலம் என்று இவ்வட்டாரத்துத் தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. தென்னை போயிற்று; வாழை போயிற்று. ஆயினும் மக்கள் இன்றளவும் பெருமூச்செறிந்து பேசுவது பலாவைப் பற்றியே. வாழையை மறு ஆண்டே வைத்துக்கொள்ளலாம். விதையூன்றிய பலா காய்க்கத் தொடங்கவே ஏழெட்டு ஆண்டுகள் செல்லும். அது தோப்பாக நிமிர ஒரு தலைமுறை வேண்டும். அவ்வாறு பல மரங்களை இழந்த பெரியவர் ஒருவர், விழுந்தவற்றுள் ஒன்றன் அடித்துண்டை டிராக்டரில் ஏற்றிவந்து, கோவிலுக்கு ஆகட்டும் என்று இறக்கிவிட்டுப் போனாராம். வாசக மேடை ஒன்று செய்யலாம் என்று அப்போதிருந்த பங்குத்தந்தை எண்ணியிருந்தார். அதற்குள் அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. குருக்களின் திட்டங்கள் பலவும் இவ்வாறு கொல்லைப்புறங்களில் கிடப்பவையே.

மரத்தின்மீதும் நரம்பின்மீதும் நமக்கிருந்த மோகம் பழையது. சிறுவனாகப் பெற்றோருடன் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குச் சென்றிருந்தபோது, கடற்கரைக்குப் போகும் வழியில் ஒருவர் கொட்டாங்கச்சி வயலின் விற்றுக்கொண்டிருந்தார். தேங்காய்ச் சிரட்டை, ஒரு மூங்கில் குச்சி, ஒற்றைக் கம்பி, சிறிய வில். அவர் கையில் அது திரைப்படப் பாடல்களையெல்லாம் பாடிற்று. அடம்பிடித்து வாங்கிய பின் நம் கையில் அது பூனைபோல் கத்தியது. "பாட்டு அவன் கையில இருக்கு, கொட்டாங்கச்சியில இல்ல" என்று தாயார் சொன்னது இன்றும் காதில் நிற்கிறது. பின்னர்க் குருமடத்தில் கித்தார் பழகினோம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் வழிபாடு தாய்மொழிக்கு வந்து, ஆர்மோனியத்தோடும் தபேலாவோடும் கித்தாரும் பாடகர் குழுவில் இடம் பிடித்திருந்த காலம் அது. இறையியல் தேர்வுகளைக் காட்டிலும் அந்தக் கித்தாரின் நரம்புகள் நம் விரல்களை அதிகம் வருத்தின என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் தவறில்லை.

2022ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் வேலை செய்யும் பங்கு இளைஞர் ஒருவர் விடுமுறைக்கு வந்தபோது, தம் அக்காள் மகளுக்கு ஓர் உகுலேலே வாங்கிவந்தார். கித்தாரின் குழந்தைபோல் மார்புக்குள் அடங்கும் சிறு கருவி, நான்கே நரம்புகள். கட்டைவிரலுக்கு அருகிலுள்ள நரம்பு, கித்தாரில் போலத் தாழ்ந்து ஒலிக்காமல் உயர்ந்து ஒலிப்பது இதன் தனித்தன்மை. அதனால்தான் இதன் ஓசையில் ஒரு துள்ளல் இருக்கிறது. நம்மூர்ச் சித்திரை வெயிலில் ஒருநாள் அதன் பாலம் பெயர்ந்து நரம்புகளோடு தொங்கிற்று. குழந்தையின் அழுகையோடு அதைத் தச்சரிடம் கொண்டுசென்றனர். தச்சர் நம்மிடம் கொண்டுவந்தார். பசை போட்டு ஒட்டத் தமக்குத் தெரியுமென்றும், எந்த இடத்தில் ஒட்ட வேண்டுமென்பதுதான் தெரியவில்லையென்றும் சொன்னார்.

அந்தத் தச்சர் நாற்பது வயதைக் கடந்தவர். நிலை, கதவு, சன்னல், அலமாரி என்று வீடு கட்டுவோருக்கு வேண்டியதைச் செய்து தருபவர். மனைவியும் இரு பெண்மக்களும் உண்டு. அன்று அவர் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, கைப்பேசியின் விளக்கை ஒலித்துளைக்குள் பாய்ச்சி வெகுநேரம் பார்த்தார். பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்: "சாமி, இது பெட்டி இல்ல. குருவிக்கூடு." உள்ளே ஈர்க்குபோன்ற மெல்லிய சட்டங்கள், அவற்றின்மேல் ஈர மீட்டர்கூட இல்லாத, இரண்டு மில்லிமீட்டர் அளவே உள்ள பலகை. அங்குலக் கணக்கில் வாழ்நாளெல்லாம் மரம் இழைத்தவருக்கு அது பெரும் வியப்பு. பாலத்தை ஒட்டியபின்பும் கருவியைத் திருப்பிக்கொடுக்க அவருக்கு மனமில்லை, நமக்கும் இல்லை. கொல்லையில் பலா கிடக்கிறதே என்ற எண்ணம் இருவரில் யாருக்கு முதலில் தோன்றியது என்பதில் எங்களுக்குள் இன்னும் தீராத வழக்கு உண்டு.

இந்தக் கருவியின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது, அது நமக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. போர்த்துக்கல் நாட்டுக்குரிய மதேய்ரா தீவில் 'பிராகின்யா' என்றொரு சிறு நரம்பிசைக் கருவி வழக்கிலிருந்தது. 1879 ஆகஸ்டு 23 அன்று 'ரேவன்ஸ்கிராக்' என்னும் கப்பல், நானூறுக்கு மேற்பட்ட மதேய்ரா மக்களைச் சுமந்துகொண்டு ஹவாய்த் தீவுகளின் ஹொனலூலு துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழைக்க, மனைவி மக்களோடு ஏறக்குறைய நான்கு மாதங்கள் கடலில் கழித்து வந்தவர்கள் அவர்கள். கரை கண்ட மகிழ்ச்சியில் பெர்னாண்டஸ் என்னும் பயணி பிராகின்யாவை மீட்டிப் பாடினார் என்று சொல்வர். கருவி அவருடையதன்று. அதைக் கொண்டுவந்தவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆகவே தெரிந்தவரிடம் கொடுத்தார். (நம் தாயார் சொன்னதை இங்கே நினைத்துக்கொண்டோம்.) அதே கப்பலில் மரவேலை அறிந்த மூவர் இருந்தனர்: மனுவேல் நூனெஸ், அகஸ்தோ டியாஸ், ஜோசே தோ எஸ்பிரித்து சாந்தோ. மூன்றாமவர் பெயரைத் தமிழாக்கினால் 'தூய ஆவியின் சூசை' என்றாகும். தச்சருக்கு இதனினும் பொருத்தமான பெயர் ஏது?

இம்மூவரும் 1880களில் ஹொனலூலுவில் கடை வைத்து, அவ்வூருக்கே உரிய கோவா மரத்தில் இக்கருவியைச் செய்யத் தலைப்பட்டனர். கோவா என்பது நம் வேல மரங்களின் உறவினம். அந்நாட்டு அரசர் கலாகவுவா இதனை விரும்பி அரண்மனை விருந்துகளில் இசைக்கச் செய்ததனால் அது ஊரின் கருவியாகவே ஆயிற்று. 'உகுலேலே' என்றால் துள்ளும் தெள்ளுப்பூச்சி என்று பலரும் பொருள் கூறுவர். அரசி லிலியுவோகலானியோ, இங்கு வந்துசேர்ந்த கொடை என்று பொருள் கொண்டார். நமக்கு அரசியின் பொருளே பிடித்தது.

புதுக்கோட்டைச் சீமைக்காரர்களுக்குத் தோட்டக்கூலி என்பது ஏட்டுச் செய்தியன்று. கண்டிச் சீமைக்குப் போன பாட்டன் பாட்டி இல்லாத குடும்பங்கள் இப்பக்கத்தில் குறைவு. தேயிலை மலைகளில் விடியுமுன் ஆட்களை வேலைக்கு எழுப்பியது தப்பு. அதே தப்புதான் இரவில் கூத்துக்கும் ஒலித்தது. ஹொனலூலுவிலும் மதேய்ரா மக்கள் வந்திறங்கிய இரு வாரங்களுக்குள்ளாகவே இரவுதோறும் தெருக்களில் இசைத்தனர் என்று அவ்வூர்ச் செய்தித்தாள் எழுதியது. பகலில் முதலாளிக்கு, இரவில் தமக்கு. இப்படித் தோன்றியதே இக்கருவியின் வாழ்வு என்று அன்று எண்ணி மகிழ்ந்தோம். இரவு யாருக்குரியது என்ற வினா அப்போது நமக்கு எழவில்லை.

இன்னொன்றையும் தச்சரிடம் சொன்னோம். அவர் செய்யும் சன்னல், அலமாரி, மேசை, அவற்றைப் பூட்டும் சாவி, அவரைப் பிறர் அழைக்கும் மேஸ்திரி என்னும் பட்டம், எல்லாமே போர்த்துக்கீசியம் தமிழுக்குத் தந்த சொற்கள். அவற்றைத் தந்தவர்களின் கருவியைத்தான் செய்யப் போகிறோம் என்று. அவர் சற்று யோசித்தார். "அப்ப உளி?" என்றார். உளி நம்முடையது என்றோம். நிறைவோடு தலையசைத்தார்.

மரத்துண்டை அறுவை மில்லுக்குக் கொண்டுபோனோம். வெளிச் சுற்றிலிருந்த வெண்மரம் மக்கிப் போயிருந்தது. உள்ளே வைரம் மஞ்சளாக, உப்புநீரில் கழுவிய மாங்காய்போல் பளிச்சென்று இருந்தது. வீணைக்கும் மிருதங்கத்துக்கும் தவிலுக்கும் பலாவைத் தேர்ந்த முன்னோர் அறிவுடையோர். பாரமில்லை, ஒலியை விழுங்குவதுமில்லை. பலகைகளை இடையிடையே சட்டம் வைத்து நிழலில் அடுக்கிக் காயவிட்டோம். பங்கு இல்லத்தின் பழைய வண்டிக்கொட்டகை பட்டறையாயிற்று.

முதற் கருவியின் பக்கப் பலகையை வளைக்க முயன்றபோது மூன்று பட்டைகள் முறிந்தன. இரும்புக் குழாய்க்குள் சிரட்டைக் கரி நெருப்பிட்டு, நனைத்த பட்டையை அதன்மேல் வைத்து அழுத்த வேண்டும் என்று படித்திருந்தோம். அழுத்தினோம்; முறிந்தது. சந்தையில் மூங்கில் கூடை முடையும் முதியவரிடம் கேட்டதற்கு அவர் சிரித்தார். "தள்ளாதீங்க சாமி. சூடு ஏறினா அதுவே மடங்கிக் கொடுக்கும். கொடுக்குற வரைக்கும் சும்மா இருங்க." நான்காவது பட்டை கொடுத்தது. கையில் அந்த இளக்கம் தெரிந்த கணத்தை எழுத்தில் சொல்ல நம்மால் இயலவில்லை. விரற்பலகைக்கு, உடைந்துபோன மாட்டு வண்டியொன்றின் கருவேலங்கட்டையை எடுத்தோம். முடுக்காணிகளும் மெட்டுக் கம்பிகளும் திருச்சியில் வாங்கினோம். நரம்பு? ஜெகதாப்பட்டினத்துக் கடையில் விற்கும் தூண்டில் நரம்பேதான். உலகெங்கும் இக்கருவிக்கு மீன்பிடி நரம்பைக் கட்டுவோர் பலருண்டு. நாங்கள் கண்டுபிடித்த புதுமையன்று.

செய்து முடித்த கருவி ஊமையாக இருந்தது. கதவைத் தட்டுவது போன்ற ஓசை. காரணம் புரியாமல் இருந்தபோதுதான் மரத்தைக் கொடுத்த பெரியவருக்கு உடல்நலமில்லை என்று நற்கருணை கொண்டுசென்றோம். பிறகு பேச்சுவாக்கில் அவர் பலா என்ன ஆயிற்று என்பதைச் சொல்லி, மறுவாரம் கருவியைக் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் அதை மீட்டிப் பார்க்கவில்லை. காதருகே வைத்து, மேற்பலகையை வளைந்த விரலால் தட்டினார். பலாப்பழம் முற்றியதா என்று தட்டிப் பார்ப்பதுபோல் நாலைந்து இடங்களில் தட்டிவிட்டு, "இன்னும் காய் சாமி" என்று திருப்பிக் கொடுத்தார். நாங்கள் மேற்பலகையைப் பயந்து பயந்து நான்கு மில்லிமீட்டர் அளவில் விட்டிருந்தோம். பெரிய கைவினைஞர்களும் பலகையைத் தட்டித் தட்டியே இழைக்கின்றனர் என்பதைப் பிறகு அறிந்தோம். இரண்டாவது கருவியைப் பெரியவரின் விரற்கணக்கில் இழைத்தோம். அது பாடிற்று.

இடையில் தஞ்சைக்கு ஒருமுறை சென்று வீணை செய்வோரைக் கண்டோம். தஞ்சாவூர் வீணை 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. ஒரே பலாத் துண்டில் குடமும் தண்டியும் குடைந்தெடுக்கும் ஏகாண்ட வீணைக்கு இன்றும் தனி மதிப்பு. மெழுகில் கரித்தூள் கலந்து இருபத்துநான்கு மெட்டுகளையும் சுரம் பார்த்துப் பதிக்கும் அவர்தம் பொறுமை நம்மை நாணச் செய்தது. நாம் கொண்டுபோயிருந்த உகுலேலேயை ஒருவர் அன்போடு திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின், "இத விக்கிறீங்களா?" என்றார். இல்லை, பொழுதுபோக்கு என்றோம். "எங்களுக்கு அந்தக் குடுப்பினை இல்லீங்க" என்று சிரித்தபடியே சொல்லிவிட்டு உளியைக் கையிலெடுத்தார். அச்சொல்லின் கனம் அன்று நமக்கு உறைக்கவில்லை.

மாலைத் திருப்பலியோ அன்பியக் கூட்டமோ முடிந்ததும் வண்டிக்கொட்டகையில் விளக்கெரியும். தச்சரும் வந்துவிடுவார். எட்டு மணி ஒன்பதாகும், ஒன்பது பதினொன்றாகும். புனித அக்குவினாசு தோமா, விளையாட்டிலும் ஒரு நற்பண்பு உண்டென்று எழுதியிருப்பதை அவருக்கு எடுத்துச் சொன்னோம். நற்செய்தியாளர் யோவான் சீடரோடு விளையாடிக்கொண்டிருக்கக் கண்டு முகஞ்சுளித்த ஒருவனிடம், வில்லை ஓயாமல் வளைத்தே வைத்திருந்தால் முறிந்துபோகும் அன்றோ என்று அவர் காட்டினார் என்னும் பழங்கதையையும் தோமா அங்கே எடுத்தாள்கிறார். குருமடத்தில் தேர்வுக்காகப் படித்தது முப்பது ஆண்டுகளுக்குப் பின் எவ்வளவு வசதியாகப் பயன்படுகிறது! அந்தக் கதையில் வில்லாளனின் மனைவியைப் பற்றிப் பேச்சே இல்லை என்பது பின்னரே நம் கருத்துக்கு வந்தது.

2023 தவக்காலம், ஐந்தாம் வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை. மூன்றாவது கருவிக்கு மேற்பலகை ஒட்டும் நாள். பசை காயுமுன் எல்லாப் பக்கமும் பிடிமானம் இறுக்க வேண்டும்; நடுவில் கையெடுக்க முடியாது. தச்சரின் கைப்பேசி சீவல் குவியலுக்குள் எங்கோ கிடந்தது. இரவு பதினொன்றரைக்கு அவர் அதைத் தேடி எடுத்தபோது, வீட்டிலிருந்து பதினொரு அழைப்புகள். இளைய மகளுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்திருந்தது. அவர் மனைவி அண்டை வீட்டாரின் இருசக்கர வண்டியில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. தச்சர் ஓடினார். நாமும் பின்னே போனோம். பிள்ளை மருந்து ஏற்றப்பட்டு உறங்கிக்கொண்டிருந்தது, ஆபத்து நீங்கிவிட்டது. தாய் எங்கள் இருவரையும் ஏறிட்டுப் பார்க்கவேயில்லை. நம் கைகளில் பசை இன்னும் காய்ந்துகொண்டிருந்தது.

மறுநாள் வாசகம் இலாசர் உயிர்பெற்ற நிகழ்ச்சி. தாமதித்து வந்த ஆண்டவரிடம் மார்த்தா தன் ஆதங்கத்தைச் சொன்ன பகுதியில் மறையுரை தடுமாறிற்று. வேறு எதையோ பேசி முடித்தோம். திருப்பலிக்குப் பின் திருப்பண்ட அறை வாயிலில் அந்த அம்மையார் நின்றார். கீரமங்கலம் பக்கத்துத் தோட்டமொன்றில் விடிவதற்குமுன் பூப்பறிக்கப் போய், திரும்பிவந்து சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, பகலில் பூக்கட்டுபவர். சண்டையிட வந்த முகம் அன்று, உறங்காத முகம். சொன்னது இவ்வளவே:

"அவரக் குத்தம் சொல்ல வரல சாமி. உங்களுக்குப் பொழுது போகணும், செய்றீங்க. எங்களுக்குப் பொழுது பத்தல."

இருபதாண்டுகளுக்கு மேலாகப் பங்குகளில் திருமண ஆயத்த வகுப்பு எடுத்துவரும் நாம், இல்லறத்தார் பொழுது என்ன பொருளால் ஆனது என்பதை அன்றுதான் கேட்டறிந்தோம். துறவு பூண்டவனுக்கு மாலைப்பொழுது கேட்பாரற்றுக் கிடக்கிறது. அதனாலேயே அது தன்னுடையது என்று எண்ணிவிடுகிறான். (அதுவும் முழு உண்மையன்று. அந்த ஆண்டு நோயாளர் சந்திப்பு நம் குறிப்பேட்டில் எத்தனை முறை தள்ளிப்போயிற்று என்பதைப் பின்னர் எண்ணிப் பார்த்து வெட்கினோம்.) ஒரு கருவிக்கு என்ன செலவாயிற்று என்று நாமும் தச்சரும் கணக்கு வைத்திருந்தோம்: முடுக்காணி, மெட்டுக் கம்பி, நரம்பு, பசை, உப்புத்தாள். மரம் இனாம். அம்மையார் வைத்திருந்த கணக்கில் ஒரேயொரு வரிதான். அது எங்கள் கணக்கில் இல்லாத வரி. ஒரு கருவிக்கு ஏறக்குறைய அறுபது மணி நேரம். கதவு செய்தால் அத்தனை நேரத்துக்கு எத்தனை நாள் கூலி என்று அவருக்குத் தெரியும். செய்யாமல் வீட்டிலிருந்தால் அது என்ன ஆகும் என்பதும் தெரியும்.

கொட்டகையைப் பூட்டிவிட்டோம். உயிர்ப்புத் திருவிழா கடந்தும் திறக்கவில்லை. தச்சர் கோவிலுக்கு வந்தார், கண்ணால் கேட்டார், வாயால் கேட்கவில்லை. அந்நாட்களில் தஞ்சை ஆபிரகாம் பண்டிதரைப் பற்றி மீண்டும் படித்துக்கொண்டிருந்தோம். சித்த மருத்துவம் அவருக்குத் தொழில். மூலிகையும் பயிரும் வளர்த்தார். இவற்றுக்கிடையே தமிழிசையை ஆராய்ந்து 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். 1916இல் பரோடாவில் கூடிய இசை மாநாட்டில் தம் கொள்கையை விளக்கியபோது, பண்டிதருக்குத் துணைநின்று இசைத்துக் காட்டியவர்கள் அவருடைய புதல்வியரே. அவர் நம் சபையினர் அல்லர். சீர்திருத்தச் சபைக் கிறிஸ்தவர். இசை அவர் வீட்டைவிட்டு அவரை இழுத்துக்கொண்டு போகவில்லை. வீட்டுக்குள் வந்து அமர்ந்தது. நாமோ ஒரு தகப்பனை அவர் வீட்டிலிருந்து பிரித்து வண்டிக்கொட்டகையில் வைத்திருந்தோம்.

மே மாதத்தில் ஒருநாள் அவர்கள் வீட்டுக்குச் சென்றோம். தச்சரிடம் பேசாமல் அம்மையாரிடமே கேட்டோம். அவர் பூக்கட்டும் கையை நிறுத்தாமல் பதில் சொன்னார். பட்டறை இங்கே திண்ணைக்கு வரட்டும். வாரத்தில் இரண்டு நாள். எட்டு மணிக்கு விளக்கணைக்க வேண்டும். வேலைப் பருவத்தில் கிடையாது. சாமி வந்தால் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பாடம் பார்த்துவிட்டுத்தான் உளியைத் தொட வேண்டும். எந்த ஆயரும் இவ்வளவு தெளிவாக நமக்கு நியமன ஆணை தந்ததில்லை.

திண்ணைக்கு வந்தபின் வேலை மெதுவாயிற்று, கருவிகள் சிறந்தன. இதற்கு மூத்த மகளே காரணம். அப்போது ஒன்பதாம் வகுப்பு. முதல் மூன்றிலும் நாங்கள் சிங்கப்பூர்க் கருவியின் மெட்டுகளை அளந்து பார்த்துப் பதித்திருந்தோம். அரை மில்லிமீட்டர் அங்குமிங்கும் பிசகி, மேல் சுரங்கள் கசந்தன. நரம்பின் நீளத்தை 17.817ஆல் வகுத்தால் முதல் மெட்டின் தொலைவு வரும்; மீதியை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது; இவ்வாறே போனால் பன்னிரண்டாவது மெட்டு மிகச் சரியாக நரம்பின் நடுவில் விழும் என்று படித்துச் சொன்னோம். 346 மில்லிமீட்டருக்கு அவள் கணக்கிட்டாள்: முதல் மெட்டு 19.4, பன்னிரண்டாவது 173. "நடுவுல வந்துருச்சுப்பா!" என்று கூவிய குரலுக்கு அவள் தாய் பூவை வைத்துவிட்டு எழுந்துவந்து பார்த்தார். தந்தை அளந்து வைத்த பழைய கோலை எடுத்து அடுப்பில் போட்டதும் அவளே.

இளையவள் நலமாக இருக்கிறாள். கருவி காய்ந்ததா என்று விரலால் தொட்டுப் பார்த்து ஒவ்வொன்றிலும் தன் ரேகையைப் பதித்துவிடுவது அவள் பங்கு. உப்புத்தாள் கொண்டு அழித்தும் ஒன்றில் அது தங்கிவிட்டது. அந்தக் கருவி இப்போது பலா கொடுத்த பெரியவரின் பேத்தியிடம் இருக்கிறது.

இதுவரை ஏழு செய்தாயிற்று. ஒன்று பாடகர் குழுவுக்கு, மற்றவை பிள்ளைகளுக்கு. திருச்சியிலிருந்து ஒருவர் வந்து விலை கேட்டார். மூவாயிரம் என்று தச்சர் தயங்கித் தயங்கிச் சொல்ல, "கூலியச் சேர்த்துச் சொல்லுங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கூலியைச் சேர்த்துச் சொன்னதும் வந்தவர் காப்பியைக் குடித்துவிட்டுப் புறப்பட்டார்.

நமக்கும் மாற்றல் காலம் நெருங்குகிறது. பலாத் துண்டில் கடைசியாக அகலமான பலகைகள் சில எஞ்சியிருந்தன. இன்னும் நான்கு கருவிகளுக்குக் காணும் என்று தச்சர் கோடு கிழித்து வைத்திருந்தார். அம்மையார் வந்து கோட்டைப் பார்த்தார். திருமணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் ஓர் அலமாரி இல்லை, ஊருக்கெல்லாம் செய்கிறார் என்றார். போன மாதம் அந்தப் பலகைகளில் அலமாரி செய்தோம். முழுதாக ஓர் அங்குலக் கனம். நாம் இழைப்புளியைப் பிடிக்க, தச்சர் மறுபக்கம் நின்று, "இதுக்குத் தட்டிப் பார்க்க வேண்டாம் சாமி" என்றார். ஆனாலும் தட்டிப் பார்த்தோம்.